சீசன் நேரத்துப் புல்லாங்குழல்

நான் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டேனாம். ஏப்ரலில் கேட்டுப் பார்க்கக் கொண்டுபோன ஸ்பீக்கர் ஒன்று, விலைக்குக் கொடுத்தது வேறொன்றாம். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் நம்பிராஜன் அண்ணாச்சி இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பதில் கொடுத்து முடித்திருப்பேன். அவர் லாட்ஜ்காரர்கள் கூடிய கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி ரகசியம் என்று நினைத்துப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். கூட்டத்தில் சொன்னால் கேட்கவா வேண்டும்.

அன்று சாயங்காலமே இலஞ்சியிலிருந்து ராமசேஷன் டாக்டர் போன் செய்தார். "ஆர்டர் இப்ப வேண்டாம்மா, கொஞ்சம் தள்ளிப் பாக்கலாம்" என்றார். மரியாதையான மனிதர், காரணம் சொல்லவில்லை. காரணத்தை என் கடைச் சாமான்களை ஏற்றிப் போகும் லோடு ஆட்டோ மாரிதான் சொன்னான். "ஊரு பூரா அதான்க்கா பேச்சு. புதுசுன்னு சொல்லிப் பழசத் தள்ளிட்டீங்களாம்." சொல்லிவிட்டு, நான் எதையாவது தூக்கி எறிந்துவிடுவேனோ என்று ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். என் கோபம் அவனுக்குத் தெரியும்.

என் பெயர் ஷஹானா. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை விழாவில் கம்பத்தில் கட்டி அலறவிடுகிற ஸ்பீக்கர் இல்லை. வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கிறவர்களுக்கானது. ஒரு ஜோடி வாங்குகிற காசில் ஒரு நல்ல பழைய கார் வாங்கிவிடலாம். "இத தென்காசியில யாரு வாங்குவா?" என்று கேட்காத ஆள் கிடையாது. வாங்குகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், பெரிய ஊர்களில் இருந்துவிட்டு இங்கே வந்து வீடு கட்டியவர்கள், நம்பிராஜன் அண்ணாச்சி மாதிரி நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு பாட்டுப் பைத்தியமாகவும் இருப்பவர்கள். துபாயில் ஒரு பெரிய ஷோரூமில் நின்று விற்றவள் நான். எந்தக் காதுக்கு எந்தப் பெட்டி சேரும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இந்த வியாபாரம் பெயரில் நிற்கிறது. ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்து வாங்குவதில்லை. ஷஹானா சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் கடையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சவுதியில் தம்மாமில் இருக்கும் என் கணவர் ஆசிக்கிடம் போய்ச் சேர வேண்டியதுதான். அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். அன்று போனில், "பேசாம ஒத்துக்கிட்டுப் பெட்டியத் திருப்பி வாங்கிரு. எதுக்கு வம்பு?" என்றார்.

"செய்யாத தப்புக்கு நான் ஒத்துக்கிட மாட்டேன் மச்சான். திருப்பி வாங்குனா மாத்துனது உண்மைன்னு ஆயிரும்லா" என்றேன். அவர் உடனே பேச்சை மாற்றி, அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றிச் சொன்னார். கல்யாணம் ஆன புதிதில் என்றால் வாதாடியிருப்பார்.

என் கடையில் சில சட்டங்கள் உண்டு. இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில்தான் பாடும். மீட்டர் வைத்து அளந்துவிடுவேன். ஒன்று ஒரு மயிரிழை சத்தமாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். விற்கிறவர்களில் பாதிப் பேர் பிழைப்பதே இதை வைத்துத்தான். விலையை நான் கடைசியில்தான் சொல்வேன். பாட்டு ஓடும்போது யாராவது தூங்கினால் தட்டி எழுப்பி வெளியே அனுப்பிவிடுவேன், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். இதையெல்லாம்விடப் பெரிய சட்டம், பெட்டியை அது இருக்கப் போகிற வீட்டில் வைத்துக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது. பெண் பார்க்கப் போனால் அவர்கள் வீட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நம் வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரியும்.

அப்படித்தான் ஏப்ரலில் இரண்டு ஜோடிகளை மாரியின் ஆட்டோவில் ஏற்றி, குற்றாலத்தில் அண்ணாச்சி வீட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். முன்னால் லாட்ஜ், பின்னால் வீடு. மாடி ஹாலின் ஜன்னலைத் திறந்தால் நேரே பேரருவிப் பாறை. அப்போது பாறை காய்ந்து கிடந்தது. லாட்ஜில் ஆள் இல்லை, தெருவில் ஈ காக்கை இல்லை.

ஒரு ஜோடி குட்டையானது, ஸ்டாண்டில் வைப்பது. அது பாட்டை எடுத்து வீசாது. பாடகர் எச்சில் விழுங்குவது, தம்புரா ஓய்கிற கடைசி அதிர்வு இதையெல்லாம் பத்திரமாக எடுத்து முன்னால் வைக்கும். இன்னொரு ஜோடி உயரமானது, இடுப்புக்கு மேலே நிற்கும். அதில் நுணுக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால் குரலும் குழலும் நேரே நம்மிடம் நடந்து வரும். அண்ணாச்சிக்குப் புல்லாங்குழல் என்றால் உயிர். குட்டையில் குழல் கச்சேரி ஒன்றைப் போட்டதும் அவர் கையை நீட்டி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். "ஏலே மணிமுத்து, கேட்டியா? அந்த ஆளு மூச்சு இழுக்கது கேக்குலே!" என்று லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். மணிமுத்து கேட்டாரோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

அண்ணாச்சியின் மனைவி முத்துசெல்வி அக்கா மட்டும் கதவோரம் நின்று, "எனக்கு அந்த உயரமானதுதான் பிடிச்சிருக்கு. கூப்பிட்டுச் சொல்லுத மாதிரி இருக்கு. இந்தக் குட்டை சாரல் நேரத்துல கேக்குமா?" என்றார்.

"மழை பெய்யுதுன்னு ஸ்பீக்கர் வாய மூடிக்கிடுமாட்டி?" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணாச்சி குட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். சென்னையிலிருந்து சீல் உடைக்காத பெட்டி வந்து சேர ஜூன் பிறந்துவிட்டது. அவர் வீட்டிலேயே வைத்துப் பிரித்தோம். முத்துசெல்வி அக்கா இரண்டு பெட்டிக்கும் பக்கவாட்டில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். அன்று லாட்ஜில் புதிய மோட்டார் இறக்கும் வேலை இருந்ததால் அண்ணாச்சி நின்று கேட்கவில்லை. சீசன் தொடங்கி, சாயங்காலம் ஓய்வாக உட்கார்ந்து கேட்டபோதுதான் அவருக்கு நான் திருடி ஆனேன்.

மாரி சொன்ன மறுநாள் காலையில், கடையில் போட்டுக் காட்டுவதற்காக வைத்திருக்கும் பழைய குட்டை ஜோடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏப்ரலில் அவர் கேட்டது இந்த ஜோடியைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாட்டைப் போட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்பது என் கணக்கு. காற்று தள்ளிக்கொண்டிருந்தது, சாரல் முகத்தில் அடித்தது. பழைய குற்றாலம் போகிற வண்டிகள் வரிசையாக நின்றன. வேறு நாளாக இருந்தால் நானும் இறங்கி ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருப்பேன்.

"வாம்மா! வா!" என்றார் அண்ணாச்சி மாடியில். "பழசு, புதுசு ரெண்டையும் போடு! இன்னைக்கு வெளிச்சத்துக்கு வந்துரும்!"

"வரட்டும் அண்ணாச்சி! அதுக்குத்தான் வந்திருக்கேன்!" என்றேன். ஜன்னல்களை எல்லாம் சாத்தினோம், கனத்த கண்ணாடி. புதிய ஜோடியைப் போட்டேன். குழல் பாடியது. அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். "மூச்சு எங்கம்மா? மிருதங்கத்துல இடதுகை எங்க? பாயைப் போட்டு மூடுன மாதிரி கெடக்கு!" பழைய ஜோடிக்கு மாற்றினேன். அவர் முகம் இன்னும் சுளித்தது. "இதுவும் போச்சா! ரெண்டையும் கெடுத்து வச்சிருக்கியே!"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கெடுக்கதுக்கு இது என்ன சாம்பாரா அண்ணாச்சி? உங்களுக்குக் கேக்கலன்னா என் மேல ஏன் பழி போடுதீங்க? ராமசேஷன் டாக்டர் ஆர்டரையே நிப்பாட்டிட்டாரு!" என்று கத்தினேன். அவரும் கத்தினார். மணிமுத்து நடுவில் நின்று இரண்டு பேரையும் கத்திச் சமாதானம் செய்தார். கடைசியில் மூச்சு வாங்கி, கோபம் கொஞ்சம் தணிந்து, முத்துசெல்வி அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அதையும் கத்தித்தான் கேட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்தே கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். கோபத்தில் என்று நினைத்தேன், கோபம் அதில் பாதிதான். பையிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்தேன். ஒரு பாட்டும் ஓடாத, ஒருவரும் பேசாத அந்த ஹாலில் முள் மேலேயே நின்றது. கண்ணாடிக்கு வெளியே பேரருவி பாறை தெரியாமல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் கண்ணாடி, சுவர், தரை எல்லாவற்றின் வழியாகவும் உள்ளே வந்துகொண்டிருந்தது. குழல்காரரின் மூச்சு அதற்குள் முங்கிப்போயிருந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

"அண்ணாச்சி, அருவிச் சத்தம்! அதான் பாட்ட முழுங்குது!"

"எந்தச் சத்தம்?" என்றார். உண்மையாகவே கேட்டார். "ஜன்னல்தான் சாத்தியாச்சே! ஊசி விழுந்தாக்கூட இங்கன கேக்கும்!"

மீட்டரைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உன் மெஷினு, நீ சொல்லுததச் சொல்லும்" என்றார். மணிமுத்துவைக் கேட்டேன். அவரும் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஒண்ணும் கேக்கலயேம்மா. எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். இருவரும் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பொய் சொல்லவில்லை.

"அருவி விழுதுல்லா அண்ணாச்சி?"

"விழுது. விழத்தான செய்யும்? அது சத்தமாம்மா? அது சீசன்!" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த இரைச்சல் தொடங்கினால்தான் லாட்ஜ் நிரம்பும், ஊருக்கே சோறு. நல்ல செய்தியை யாராவது இரைச்சல் என்று சொல்வார்களா?

தண்ணீர் கொண்டுவந்த முத்துசெல்வி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனேன். "அக்கா, உங்களுக்குக் கேக்குதா?" என்றேன். அவர் காதோரக் கூந்தலை விலக்கிக் காட்டினார். காதில் பஞ்சு.

"நான் வீ.கே.புதூர்க்காரி" என்றார். வீரகேரளம்புதூர் பக்கம் வயலும் வெயிலும்தான், அருவி கிடையாது. "கல்யாணமாகி வந்ததே ஆனி மாசம். மொத நாளு ராத்திரி லாரி ஏதோ இஞ்சின நிப்பாட்டாம நிக்குன்னு நெனச்சேன். விடிஞ்சும் நிக்கல. தூக்கமே கிடையாது. சத்தமா இருக்குன்னு சொன்னேன். 'என்ன சத்தம்?'னு கேட்டாக. வீட்டுல அத்தன பேரும் கேட்டாக. திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போயி காது டாக்டர்ட்ட காட்டுனாக. காதுல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. அப்புறம் கோயில்ல திருநீறு போட்டாக. அதோட சொல்லுதத விட்டுட்டேன்."

"பஞ்சு?"

"சாரக்காத்துக்கு வைக்கேன்னு நெனச்சிட்டிருக்காக. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். சீசன் முடிஞ்சாத்தான் எடுப்பேன்."

எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. என் மேலும் கொஞ்சம் வந்தது. ஏப்ரலில் இந்த அக்கா கேட்ட கேள்விதான் அந்த ஹாலில் அன்று கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி. வீட்டில் வைத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். குற்றாலத்தில் ஒரு வீடு என்பது சீசனில் ஒன்று, மற்ற மாதங்களில் ஒன்று என இரண்டு வீடு என்று எனக்குத் தோன்றவில்லை.

வாதாடிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். நல்ல மைக் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதை ஹாலின் நடுவில், அண்ணாச்சி உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "ஒரு டெஸ்ட். கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்றேன். அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அது கடினமான காரியம். கொஞ்ச நேரத்திலேயே, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டார். போதும் என்றேன். "புது ஜோடிய நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி. நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு, அக்காவையும் கூட்டிட்டுக் கடைக்கு வாங்க. நான் மாத்துனது உண்மைன்னா உங்க வாயாலயே சொல்லுங்க, கடையப் பூட்டிருதேன்."

"பூட்டிருவியா?"

"பூட்டிருவேன்." மாரி மாடிப்படியில் நின்று தலையில் கைவைத்தான்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். என் கடையின் உள்ளறை இரட்டைச் சுவர் வைத்துக் கட்டியது, கனத்த கதவு. சாத்திவிட்டால் தெருவில் லாரி போனாலும் தெரியாது. அருவி அங்கிருந்து வெகு தூரம். முத்துசெல்வி அக்கா உள்ளே வந்து, நாலா பக்கமும் பார்த்து, மெதுவாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் நெளிந்தார். "என்னம்மா, காத அடைக்க மாதிரி இருக்கு! ஏசியப் போடேன்!"

"போட மாட்டேன். கொஞ்சம் சும்மா இருங்க, காது பழகட்டும்" என்றேன்.

ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் மெல்லிய கறுப்புத் துணிக்குப் பின்னால் வைத்திருந்தேன். எது எங்கே என்று அவருக்குத் தெரியாது. குழல் கச்சேரியைப் போட்டேன். முதல் சுரத்துக்கு முன்னால் குழல்காரர் மூச்சை இழுத்தார். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். மிருதங்கத்தின் இடதுகை தரைக்குள்ளிருந்து வந்த மாதிரி வந்தது.

"இதான்! இதத்தான் ஏப்ரல்ல கேட்டேன்! இது உங்கிட்டதான இருக்கு? கள்ளத்தனம் பண்ணாம இதையே குடுத்துத் தொலச்சிருக்கலாம்லா!"

"உங்க வாயால சொல்லிட்டீங்க. இதுதான் ஏப்ரல்ல கேட்டது. சத்தியமா?"

"சத்தியமா!"

துணியை விலக்கினேன். பெட்டியின் பக்கவாட்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, அதன் மேல் குங்குமம். அண்ணாச்சி எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் வச்சதுதான்" என்றார் அக்கா.

"அப்ப, எங்க வீட்டுல என்ன கேடு வந்துச்சு இதுக்கு?" குரல் முன்பைவிட ஒரு படி இறங்கியிருந்தது.

"உக்காருங்க, காட்டுதேன்."

அவர் வீட்டில் மீட்டர் காட்டிய அளவு என் மனதில் இருந்தது. அதே அளவுக்குச் சரிசெய்து வைத்திருந்தேன். ஒரு இம்மியும் கூட்டவில்லை. இது பழி தீர்க்கிற வேலை இல்லை, அளவு தப்பினால் நானும் பொய்க்காரிதான். அறையின் பின்பக்க ஸ்பீக்கரில் நேற்றைய பதிவை ஓடவிட்டேன்.

அந்தச் சின்ன அறைக்குள் அது வந்து நிறைந்தது. அண்ணாச்சி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தார். "என்னம்மா இது! அரவை மில்லா? நிப்பாட்டு!" நான் நிறுத்தவில்லை. "ஜெனரேட்டரா? என்ன எழவும்மா இது, மண்டைக்குள்ள கேக்கு!" அப்போது அந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல் கத்தியது. "முடிஞ்சுதாம்மா?"

அது தன் குரல் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

"நேத்து உங்க ஹாலு அண்ணாச்சி. ஜன்னல் சாத்தி, யாரும் பேசாம இருந்த நேரம். ஊசி விழுந்தா கேக்கும்னு சொன்னீங்கள்லா, அந்த நேரம்." இரைச்சலை நிறுத்தாமலே குழலை மறுபடி போட்டேன், அதே குங்குமப் பெட்டியில். மூச்சு போய்விட்டது, இடதுகை போய்விட்டது, பாயைப் போட்டு மூடிய மாதிரி ஒரு குழல். "இதத்தான் நான் சொன்னேன்!" என்று கத்தினார் அண்ணாச்சி. அப்படியே துணிக்குப் பின்னால் இருந்த உயரமான ஜோடிக்கு மாற்றினேன். குழல் இரைச்சலைத் தள்ளிக்கொண்டு நடந்து முன்னால் வந்து நின்றது. மூச்சு இல்லைதான். ஆனால் ஒவ்வொரு சுரமும் இருந்தது.

"ஏட்டி, இதான நீ அன்னைக்குச் சொன்னது!" என்று அவர் சந்தோஷமாக மனைவி பக்கம் திரும்பினார். திரும்பியவரின் சந்தோஷம் பாதியில் நின்றது. முத்துசெல்வி அக்காவின் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது. இரைச்சல் தொடங்கியதுமே அவர் கை, யாரும் சொல்லாமல், மடியிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

"அது சாரக்காத்துக்கு இல்லியா?" என்று கேட்டார் அண்ணாச்சி. அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவரே எழுந்து போய், குனிந்து, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "இது சாரக்காத்துக்கு இல்லியாட்டி?"

"இல்லங்க" என்றார் அக்கா.

"இந்தச் சத்தத்துலயா இத்தன வருசமும் படுத்துக் கிடந்த?"

"மொத வருசமே சொன்னேன்லாங்க." அக்காவின் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "டாக்டர்ட்டக்கூடக் கூட்டிட்டுப் போனீக. நல்ல டாக்டருதான். காதுல ஒண்ணுமில்லன்னு சரியாத்தான் சொன்னாரு."

அண்ணாச்சி பஞ்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உயரமானதயே இறக்கிரும்மா. அவ சொன்னதுதான் சரி" என்றார்.

"மாத்திருவோம் அண்ணாச்சி. ஏப்ரல்ல வச்சுக் காட்டுனது நான்தான், சீசன்ல வச்சுக் காட்டியிருக்கணும். மாத்துக்கூலி வேண்டாம்."

"பெட்டி கிடக்கட்டும்." அவர் கண்கள் என் சுவரை, கனத்த கதவை, மேற்கூரையை அளந்துகொண்டிருந்தன. "இந்த மாதிரி ஒரு ரூம், சத்தம் உள்ள வராத மாதிரி, எங்க வீட்டுல கட்ட முடியுமா? பாட்டுக் கேக்கதுக்கு இல்ல. படுக்கதுக்கு."

"முடியும்" என்றேன். "அருவிப் பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நானே நின்னு கட்டித் தாரேன்." எனக்குத் தெரியாத வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை.

அவர் போனை எடுத்தார். ராமசேஷன் டாக்டரைக் கூப்பிடுகிறார் என்று பெயரைப் பார்த்துப் புரிந்தது. மணி அடிக்கும்போதே மனைவி பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். முத்துசெல்வி அக்கா சாய்வு நாற்காலியில் தலை ஒரு பக்கமாகச் சரிய, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிப்போயிருந்தார். மத்தியானச் சோறு செரிக்கிற நேரம், சீசன் உச்சத்தில் இருக்கிற மாதம். ஒரு சத்தமும் இல்லாத அறை.

என் கை என்னையறியாமல் சட்டப்படி எழுப்பப் போனது. அண்ணாச்சி வேகமாக என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார். அதற்குள் டாக்டர் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றார்.

"டாக்டர், நான் நம்பிராஜன்" என்றார் அண்ணாச்சி. அவர் ரகசியக் குரலில் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "அந்தப் பொண்ணு பெட்டிய மாத்தல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்கு எங்க கூட்டத்துலயும் சொல்லிருதேன். நீங்க தைரியமா வாங்குங்க."

"ஒண்ணுமே கேக்கல, சத்தமா பேசுங்க அண்ணாச்சி!" என்றார் டாக்டர்.

"முடியாது டாக்டர்" என்றார் அவர், இன்னும் மெதுவாக. "வீட்டுக்காரி தூங்குதா."